ஒரு யுகுலேலே, நான்கு கைகள்

அத்தியாயம் பதினொன்று

அண்ணி தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போனாளே, அங்கேதான் போன வாரம் நாம் எல்லோரும் வாயடைத்து நின்றோம். வாயடைக்காதவன் ஒருவன்தான். அவளுடைய கணவன். அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினான்.

இடையில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக. நாளைச் சாயங்காலம் பெரிய ஹாலில் ஆண்டு விழா. அதில் அண்ணனும் அண்ணியும் யுகுலேலே வாசிப்பதாக ஏற்பாடு. கிதாரைத் துவைத்துச் சுருங்க விட்டதுபோல இருக்கும், நாலே நாலு நைலான் கம்பி, அதுதான் யுகுலேலே. ஆளுக்கொன்று இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்வாள். அண்ணன் பின்னால் நின்று, லேசாகக் குனிந்து, அவள் தோளைத் தாண்டி இடது கையை நீட்டி, வாத்தியத்தின் கழுத்தில் கம்பிகளை அழுத்துவான்.

கம்பிகளை மீட்டுவது அண்ணியின் வலது கை. மரத்தைத் தட்டித் தாளம் போடுவது அண்ணியின் இடது கை. அண்ணனின் வலது கைக்கு ஒரே ஒரு வேலை, கூட்டத்தைப் பார்த்து ஆட்டுவது. அதையும் அவன் குறையில்லாமல் செய்வான்.

அந்த விழாவுக்காக முந்தாநாள் ஒட்டிய போஸ்டரில் அண்ணன் இருந்தான், அண்ணி இல்லை. ஸ்டூலில் பற்பசை விளம்பரத்தில் யுகுலேலேயோடு சிரிக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். "ஹால்காரங்க கேட்டாங்க, நான் சரின்னுட்டேன்" என்று அண்ணன் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான். மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடியை எடுத்துத் தரச் சொல்லும் அதே குரலில் சொன்னான்.

இனி இன்றைய பொழுது.

அண்ணனின் தங்கைக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறாள். ஆனால் நாலு வயதிலிருந்தே யாருக்காவது பரிந்து பேசிக்கொண்டே இருப்பாள். கேட்டாலும் பேசுவாள், கேட்காவிட்டாலும் பேசுவாள். அன்று காலையில் அவள் எழுந்ததே பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

கூடத்தில் அண்ணன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி எதிரே உட்கார்ந்து யுகுலேலேயின் திருகுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பியைத் தட்டுவாள், காதருகில் கொண்டுபோவாள், ஒரு துளி முறுக்குவாள்.

"அந்தப் பொண்ணு பத்து மணிக்கு இங்க வருது" என்றான் அண்ணன், நாடாவைப் பார்த்தபடி. "நீ கொஞ்சம் உக்காந்து சொல்லிக் குடுத்துடு. சாயங்காலம் ஹால்ல ரிகர்சல்."

வக்கீலுக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்றுதான் தோன்றியது.

"அண்ணா, இப்ப என்ன சொன்ன?"

"உனக்குச் சொல்லல. உங்க அண்ணிக்குச் சொன்னேன்."

"அண்ணியோட எடத்தைப் பிடுங்கி இன்னொருத்திக்குக் குடுத்துட்ட. அதுல எப்படி உக்கார்றதுன்னு அண்ணியே அவளுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? இதைச் சொல்ல உனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமா இல்ல?"

"இதுல என்னடி கூச்சம்? ஷோ நல்லா நடக்கணும். அந்தப் பொண்ணு வந்தா ஹால் நிறையும். குடும்பத்துக்குத்தானே நல்லது?"

"எந்தக் குடும்பத்துக்கு? போஸ்டர்ல இருக்கிற குடும்பத்துக்கா?"

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா தொண்டையைச் செருமினார். அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். மேலே போகிறவரையும் கீழே போகிறவரையும் ஒரே மாதிரி நடத்திப் பழகியவர். வீட்டிலும் அப்படியே.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும்மா" என்றார்.

"ஒரு பக்கம் நியாயம் இருக்கு. இன்னொரு பக்கம் உங்க பிள்ளை இருக்கார். அவ்வளவுதாம்ப்பா."

அண்ணி கடைசிக் கம்பியைத் தட்டிப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது போலிருக்கிறது, வாத்தியத்தைத் துணியில் துடைத்துப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"வரச் சொல்லுங்க. சொல்லிக் குடுக்கறேன்" என்றாள்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? அவளுக்கு இல்லாத கோவம் உனக்கு எதுக்கு?" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒரு முறை தலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிப் போனான்.

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை வக்கீல் பொறுத்திருந்தாள். பிறகு அண்ணியின்மேல் பாய்ந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. நீ வேலைக்குக் கிளம்பு, நேரமாச்சு."

"அந்த மெட்டு நீங்க போட்டது. விரலுக்கு விரல் நீங்க உக்காந்து யோசிச்சது. அதைப் போய் அந்தப் பற்பசைக்கு..."

"வர்ற பொண்ணை அப்படிச் சொல்லாத. மத்தியானம் வீட்டுப் பக்கம் வந்து கதவைத் தட்டிக்கிட்டு நிக்காத. சாயங்காலம் நேரா ஹாலுக்கு வந்துடு."

இதற்கு மேல் அண்ணியிடம் பேசிப் பயனில்லை. சில பேர் கோபம் வந்தால் கத்துவார்கள். அண்ணி கோபம் வந்தால் எதையாவது துடைப்பாள். வக்கீல் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

கடையில் அன்று அவள் கை ஓடவில்லை. தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் சொட்டுவதை நிறுத்த மறந்தாள். ஒரு பெரியவரின் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டி அனுப்பப் பார்த்தாள். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேராத் தெரியறீங்க" என்றார். ஒருத்திக்கே இவ்வளவு ஆத்திரம், இரண்டு பேர் இருந்தால் ஊர் தாங்காது.

அவளுக்கு யுகுலேலே வாசிக்கத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும். கேட்கப் பழக்கியது அண்ணிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து எந்தெந்த ஊர்க்காரர்களோ வாசிப்பதையெல்லாம் பார்ப்பார்கள். தலைக்குப் பின்னால் வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஒரு தப்புத் தட்டாமல் வாசிக்கும் பள்ளிக்கூட வேன் டிரைவர் ஒருவர். கட்டைவிரல் பாதிதான் இருக்கும் ஒரு மீனவர், அந்தப் பாதி விரலாலேயே ஒரு முழுக் கச்சேரியை நடத்துவார். ஒரு பல் டாக்டர் அம்மாள், நாலு விரலையும் ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் கம்பிமேல் உதறினால் நாலு பேர் சேர்ந்து வாசிப்பதாகத்தான் தோன்றும். இவர்களைப் பார்த்துவிட்டு வக்கீல் சோபாவில் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறாள்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடுவார்கள். முதல் முறை பார்ப்பதற்கு. இரண்டாம் முறை டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பதற்கு. "கண்ணு எப்பவும் ஓடற கையைத்தான் பாக்கும். வேலை பாக்கற கை எதுன்னு காதுதான் சொல்லும்" என்பாள் அண்ணி. அண்ணன் அந்தப் பக்கம் வரவே மாட்டான். மற்றவர்கள் வாசிப்பதைப் பார்த்தால் அவனுக்குத் தலைவலி வரும்.

சாப்பாட்டு இடைவேளையில் வக்கீல் நேராக ஹாலுக்குப் போனாள். மேலாளரின் அறை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. மேசைமேல் மூன்று ஃபோன்கள், மூலையில் சுருட்டி வைத்த பேனர்கள்.

"நீங்க யாரு மேடம்?"

"நாத்தனார்."

"யாருக்கு?"

"போஸ்டர்ல இல்லாதவங்களுக்கு."

மேலாளர் கெட்டவர் இல்லை. அவசரமானவர், அவ்வளவுதான். அவளை உட்காரச் சொல்லி, தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். அதில் அண்ணனும் அண்ணியும் போன வருஷம் வாசித்தது ஓடியது. சத்தம் இல்லை.

"நீங்களே பாருங்க. அவர் கை எப்படி மேலயும் கீழயும் பறக்குது. பாக்கறதுக்கே அசத்தலா இருக்கு. அந்த அம்மா கை ஒரே எடத்துலதான் இருக்கு. சும்மா கொஞ்சம் அசையுது. அந்த எடத்துல ஒரு தெரிஞ்ச முகத்தை உக்கார வெச்சா எடுப்பா இருக்கும்னு கமிட்டில எல்லாரும் சொன்னாங்க."

"கமிட்டி இதை இப்படித்தான் பாத்துச்சா?"

"எப்படி?"

"சத்தம் இல்லாம."

"மீட்டிங் நடக்கறப்போ சத்தம் வெச்சா எப்படி மேடம் பேசிக்கறது?"

சங்கீத நிகழ்ச்சியைச் சத்தம் இல்லாமல் பார்த்து, யார் சங்கீதக்காரர் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். இவர்களைக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார வைத்து, இலையின் படத்தைக் காட்டி அனுப்ப வேண்டும்.

அவளே கை நீட்டிச் சத்தத்தைத் திறந்தாள். அறை முழுக்க அண்ணியின் விரல்கள் கேட்டன. மேல் கம்பியில் கட்டைவிரல் ஒரு பாட்டுப் பாட, கீழே இரண்டு விரல்கள் அதற்குப் பதில் சொல்ல, மரத்தின்மேல் தாளம் விழுந்துகொண்டே இருந்தது.

"இதுல உங்களுக்குக் கேக்கறது எல்லாம் அந்த அம்மா சார். எங்க அண்ணன் அழுத்தறான். இல்லேங்கல. அது இல்லாம முடியாது. ஆனா வாசிக்கறது அவங்க."

மேலாளர் சற்று நேரம் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை.

"நான் இதைத்தான் மேடம் உங்க அண்ணன்கிட்டயே கேட்டேன். அந்த அம்மா இல்லாம முடியுமான்னு. 'அந்தப் பக்கம் யாரை வெச்சாலும் ஓடும் சார், கை என்னோடது'ன்னார். அதோட அவங்களுக்கு மணிக்கட்டு வலி, வாசிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னும் சொன்னார். நாங்க பாவம்னு விட்டுட்டோம்."

வக்கீல் எழுந்து நின்றுவிட்டாள். 'கை என்னோடது.' அச்சு அசல் அண்ணனின் வார்த்தை. இந்த ஆள் அதைக் கற்பனை செய்திருக்க முடியாது. ஹால்காரர்கள் கேட்டார்கள், அண்ணன் வாய் செத்துச் சரியென்று தலையாட்டினான் என்றுதானே நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கே இவ்வளவு கோபம். இப்போது பார்த்தால், கதவைத் திறந்துவிட்டதே அவன்தான். கல்லுமாதிரி இருக்கும் மணிக்கட்டுக்கு இல்லாத வலியையும் கொடுத்து, பார்க்காத டாக்டரையும் பார்க்க வைத்திருக்கிறான்.

"அவங்க மணிக்கட்டுக்கு ஒண்ணும் இல்ல. நேத்து நைட்டு வீட்டுப் பாத்திரம் மொத்தத்தையும் அந்தக் கைதான் கழுவிச்சு" என்றாள்.

கடைக்குத் திரும்பும் வழியில்தான் வீடு. வரக் கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தாள். வக்கீல் வந்தாள். படுக்கையறைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

"அப்பா, அண்ணன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா?" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கதை வந்தபோது அப்பாவின் முகம் மாறியது. ரெண்டு பக்கமும் என்று வாயெடுத்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து மெட்டு கேட்டது. ஒரே வரி, திரும்பத் திரும்ப. மீட்டல் சுத்தமாக இருந்தது, முத்துக் கோத்த மாதிரி. ஆனால் சுரம் மாறும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தாமதம். வக்கீலுக்குப் புரியவில்லை. தடுமாறினால் மீட்டலில் அல்லவா தடுமாற வேண்டும். அதற்குள் அந்தப் பெண் இவ்வளவு சுத்தமாக மீட்டப் பழகிவிட்டாளா? அப்படியானால் அண்ணன் சொன்னது சரியா? யாரை வைத்தாலும் ஓடுமா?

அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது. கதவைத் தட்டாமலே திரும்பிப் போனாள்.

சாயங்காலம் ஹாலில் மேடை விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஏணி உச்சியில் ஒருவர், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒருவர். அண்ணன் புதுக் கோட்டு போட்டு வந்திருந்தான். மேடை நடுவில் கிடந்த ஸ்டூலுக்குப் பின்னால் நின்று, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

வக்கீல் மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"அண்ணிக்கு மணிக்கட்டு வலியாமே?"

அண்ணனுக்கு முகம் ஒரு கணம் செத்தது. "மெதுவாப் பேசு. எதுவோ ஒரு காரணம் சொல்லணும்ல? வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்ல பேசற விஷயத்தையா நீ ஹால்ல சொன்ன?"

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு இதெல்லாம் தெரியாது. எத்தனை வருஷம் நான் ஒரு ஸ்டூலுக்குப் பின்னாடியே நிக்கறது? ஒரு தடவையாவது என்னைப் பெரிசாப் பாக்கட்டுமே."

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. அண்ணியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். யுகுலேலே பெட்டியை அந்தப் பெண் தூக்கி வந்தாள். விளம்பரத்தில் இருக்கும் சிரிப்பு முகத்தில் இல்லை. களைத்திருந்தாள், தலை கலைந்திருந்தது. பெட்டியைக் கீழே வைக்கும்போது வக்கீல் அவள் கையைப் பார்த்தாள். இடது கை விரல் நுனிகள் சிவந்து, கம்பி பதிந்த கோடுகள் வரிவரியாக இருந்தன.

மீட்டுவது வலது கையாயிற்றே என்று நினைக்கும்போதே அண்ணி மேடையேறி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எதுக்கு உக்கார்ற?" என்றான் அண்ணன். "அந்தப் பொண்ணு உக்காரணும்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அண்ணி.

அவன் தள்ளி நின்றான். அவன் நின்ற இடத்தில் அந்தப் பெண் போய் நின்றாள். குனிந்து, அண்ணியின் தோளைத் தாண்டி இடது கையை நீட்டி, கழுத்தில் நாலு விரலை வைத்தாள்.

அண்ணி ஆரம்பித்தாள்.

வக்கீல் இந்த மெட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். இப்படிக் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் வலது கை யாரைப் பார்த்தும் ஆடவில்லை. அது கீழே இறங்கி மரத்தைத் தட்டித் தாளம் பிடித்துக்கொண்டது. அதனால் அண்ணியின் இடது கைக்கு விடுதலை கிடைத்தது. இத்தனை வருஷம் தாளம் மட்டுமே போட்ட அந்தக் கை, மெல்லக் கம்பிக்கு வந்தது. இப்போது அண்ணியின் இரண்டு கைகளும் மீட்டின. ஒரு கை கேள்வி கேட்டது, இன்னொரு கை கிண்டல் செய்தது, நடுவில் அந்தச் சின்ன வாத்தியம் சிரித்துக்கொண்டு ஓடியது. நான்கு கைகளும் வேலை செய்தால் இந்த மெட்டு எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது வரியில் அந்தப் பெண் கொஞ்சம் பிந்தினாள். அண்ணி ஒரே சுரத்தை இரண்டு முறை தட்டி அவள் வந்து சேரும்வரை காத்திருந்து, கூட்டிக்கொண்டு போனாள். ஏணி உச்சியில் இருந்தவர் விளக்கை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது மேலாளர்தான் முதலில் கைதட்டினார். வக்கீலுக்குக் கை எழவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன இது?" என்றான் அண்ணன். "அவ செஞ்சது என் வேலை. நான் உன் வேலையைத்தானே சொல்லிக் குடுக்கச் சொன்னேன்?"

"ஒரு நாள்தான் குடுத்தீங்க" என்றாள் அண்ணி. "ஒரு நாள்ல எது வருமோ அதைத்தான் சொல்லிக் குடுக்க முடியும்."

அண்ணன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான்.

"காலையில மொதல்ல அவங்க பக்கத்தைத்தான் சார் முயற்சி பண்ணேன்" என்றாள் அந்தப் பெண், விரல்களை ஊதிக்கொண்டே. "எனக்கு வாசிக்கத் தெரியும். விளம்பரத்துக்காகப் பிடிச்சவ இல்ல. ஆனா அது எனக்கு வரல. நாளைக்கும் வராது. அடுத்த வருஷம் வேணா பாக்கலாம். அப்புறம் சார், உடம்பு சரியில்லாதவங்க எடத்துல ஒரு நாள் வந்து உதவி பண்ணணும்னு சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

அண்ணி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். வாத்தியத்தை அண்ணன் பக்கம் நீட்டினாள்.

"இந்தப் பக்கம் யாரை வெச்சாலும் ஓடும்னு சொன்னீங்களாமே, மாமா சொன்னார். உக்காருங்க. நான் பின்னாடி நின்னு அழுத்தறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார், ஏணிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் உட்கார்ந்தான். அண்ணி பின்னால் போய் நின்று, அவன் தோளுக்கு மேல் கையை நீட்டிக் கம்பிகளை அழுத்தினாள். ஒரு விரலும் பிசகவில்லை. அவன் பக்கமும் அவளுக்குத் தெரியும், எப்போதும் தெரியும்.

அவன் வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கல்லூரி நாளில் பழகியபடி மேலும் கீழும் தேய்த்தான். சத்தம் வந்தது. மெட்டு வரவில்லை. கட்டைவிரல் போக வேண்டிய கம்பிக்கு ஆள்காட்டி விரல் போயிற்று, தாளத்துக்குத் தட்டினால் மீட்டல் நின்றது, மீட்டினால் தாளம் நின்றது. இரண்டாவது வரிக்கு மேல் போகாமல் கையை மடியில் போட்டுக்கொண்டான்.

இதைத்தான் காலையிலிருந்து வக்கீல் ஆசைப்பட்டாள். நடந்தபோது சந்தோஷமாக இல்லை. அது அவள் அண்ணன். சைக்கிள் ஓட்டப் பழக்கியவன். இந்த இடத்தில் அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே அவனுக்கும் வக்கீலாகியிருப்பாள். தப்புப் பண்ணிட்டேன் என்று சொன்னால் போதும், அண்ணியின் காலில் விழ வேண்டியதில்லை.

அவன் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். மேலாளரைப் பார்த்துத்தான் பேசினான்.

"ஒப்பந்தம் என் பேர்ல இருக்கு. ஊரெல்லாம் ஒட்டியிருக்கறது என் மூஞ்சி. நாளைக்கு அந்த ஸ்டூலுக்குப் பின்னாடி நான்தான் நிப்பேன். முன்னாடி யார் உக்காரணும்னு நான் சொல்றேன். முடியாதுன்னா ஷோ எப்படி நடக்குதுன்னு நான் பாக்கறேன்."

அப்பாவுக்குப் பிறந்தவன்தானா இவன் என்று வக்கீலுக்குத் தோன்றியது. தொண்டை வரை வந்த இரக்கம் அப்படியே கருகிப் போயிற்று.

"போ. நல்லா போ" என்றாள். "எங்க வேணா போய் நில்லு. உன் பக்கம் பேச நம்ம வீட்ல இனிமே ஆள் இல்ல."

அண்ணன் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே திரும்பிப் பார்க்காமல் போனான். வெளிக்கதவு ஆடி ஆடி நின்றது.

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாவம், இருபுறமும் இடி. "அம்மா, அவர் சொல்ற மாதிரி ஒப்பந்தம் அவர் பேர்லதான் இருக்கு. நாளைக்கு நிஜமாவே மேடையில வந்து நின்னுட்டார்னா நான் என்னம்மா பண்றது?"

அண்ணி கீழே கிடந்த துணியை எடுத்து, கணவனின் வியர்வை பட்ட இடத்தைத் துடைத்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"நிக்கட்டும்" என்றாள். "இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணிட்டிருந்தார்."

காலையிலிருந்து ஒரு தடவையும் உயராத அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. வக்கீல் மேடையேறப் போனாள். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் சிவந்த கையைப் பிடித்து இழுத்துக் கம்பிகளின்மேல் வைத்து, மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.